குற்றாலத்தில் நடக்காத ஆணழகன் போட்டி

தென்காசியில் இறங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாரல் சட்டையை முழுக்க நனைத்து முடிக்கவில்லை. அதற்குள் எங்கள் லண்டன் பயணத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்பதை ஒரு சுவரில் படித்துவிட்டேன்.

எங்கள் என்றால் அருளப்பனும் நானும். அருளப்பன் கொழும்புத் துறைமுகத்தில் குமாஸ்தா. லண்டனில் நடக்கப்போகும் உலக ஆணழகன் போட்டிக்கு இலங்கையின் சார்பில் தேர்வானவன். நான் அவன் பயிற்சி செய்யும் புறக்கோட்டைக் கழகத்தின் உதவிச் செயலாளன். எனக்குத் தசை கிடையாது. இங்கிலீஷில் கடிதம் எழுத வரும், அதனால் கிடைத்த பதவி. லண்டனுக்கு முன்னால் அந்நிய மண்ணில் ஒரு மேடை ஏறிப் பழகட்டும் என்று அவனைக் கடல் தாண்டி இழுத்து வந்தது நான்தான். சீசனுக்குக் குற்றாலத்தில் போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, எழுதிக் கேட்டு, அழைப்பு வந்து, குதித்துக்கொண்டு புறப்பட்டோம். என் அப்பா பிறந்தது இந்தச் சீமைதான் என்றாலும் எனக்கு இது வெளிநாடு. பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ரயிலடியிலேயே எங்களைப் பிடித்துவிட்டார் பூரணலிங்கம் அண்ணாச்சி. தென்காசியில் நவதானியக் கடை வைத்திருப்பவர். இங்குள்ள தேகப்பயிற்சிச் சாலைக்குத் தலைவர். போட்டி நடத்துவதும் அவர்தான். மாலை வாங்கி வந்திருந்தார். அருளப்பனின் தோள் அகலத்துக்கு அது இறங்க மாட்டேன் என்று கழுத்துப்பட்டை மாதிரி நின்றது.

"ஏ அப்பா! நம்ம அளவுக்கு வாங்கிட்டேனே. கோயில் நந்திக்குப் போடுத மாலையில்லா வாங்கியிருக்கணும்" என்று அவரே சிரித்தார்.

குதிரை வண்டி. மூவரும் பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பின்னால் சாய்ந்தது. குதிரையின் முன்னங்கால்கள் தரையைத் தேட ஆரம்பித்தன. வண்டிக்காரர் இறங்கி வந்து அருளப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"பயில்வான் ஐயா, நீங்க முன்னால வந்து எம் பக்கத்துல இருங்க. குதிரை அந்தரத்துல தொங்குதுல்லா."

அவன் முன்னே போனதும் வண்டி நேரானது. ஆனால் அச்சு முனக ஆரம்பித்தது. கோயில் வாசல் வரைக்கும் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே, இப்போது ஒடியுமோ அப்போது ஒடியுமோ என்று கம்பியைப் பிடித்தபடி வந்தேன். கொழும்பில் டிராம் ஓடிய காலத்தில்கூட என் நண்பனைப் பார்த்து எந்த வாகனமும் முனகியதில்லை.

தென்காசிக் கோயிலுக்கு வாசலில் மொட்டைக் கோபுரம். இடி விழுந்து எரிந்ததாம். பிளந்து நிற்கிறது. அந்த வழியாக மலைக்காற்று வந்து வேட்டியைப் பறிக்கிறது. "இந்தக் காத்துக்கே கோடி கொடுக்கலாம்" என்றார் அண்ணாச்சி. நான் காற்றை அனுபவிக்கவில்லை. எதிர்ச்சுவரில் ரோஸ் காகிதத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

மாபெரும் ஆணழகன் போட்டி. கொழும்பு வீரர் வருகை. அதற்குக் கீழே, இரண்டு உலகச் சங்கங்களின் பேராதரவுடன் என்று போட்டு, ஒன்றின் பெயர் இடப்பக்கம், மற்றதன் பெயர் வலப்பக்கம். கல்யாணப் பத்திரிகையில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மாதிரி சரிசமமாக, ஒரே அளவு எழுத்தில்.

கிட்டே போய் இன்னொரு முறை படித்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடலழகுக்கு உலகத்தில் இப்போது இரண்டு வீடு. ஒன்று பழையது, பளு தூக்குகிறவர்களுடைய சங்கம். பளு தூக்கும் போட்டியெல்லாம் முடிந்த பிறகு, பந்தி முடிவில் பாயசம் ஊற்றுகிற மாதிரி, கடைசியில் ஆணழகன் போட்டி ஒன்றை அது வைத்துக்கொள்ளும். இன்னொன்று புதியது. உடலழகு பளு தூக்கலின் வால் அல்ல, தனி விளையாட்டு, அதற்குத் தனி விதி, தனி நடுவர், தனி மேடை வேண்டும் என்று கிளம்பியவர்கள். தேசம் தேசமாகக் கடிதம் எழுதி, நாட்டுக்கு ஒரு கிளை என்று சேர்த்து வருகிறார்கள். எங்கள் கழகம் அதில் சேர்ந்துவிட்டது. அருளப்பன் போவதும் அவர்கள் மேடைக்கு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளை மற்ற வீட்டின் பெயர் போட்ட மேடையில் நின்றால் ஒரு வருஷம் தள்ளி வைத்துவிடுவார்கள். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் எடுபடாது.

அந்த மேடையில் நிற்கத்தான் நாங்கள் வந்திருந்தோம். நடுவராக உட்காரப் புதிய சங்கத்தின் மேற்பார்வையாளர் ஒருவர் வேறு மதராஸிலிருந்து வருகிறார்.

"அண்ணாச்சி, இது என்ன?" என்றேன்.

"பாத்தியளா? ரோஸ் காகிதம் நான்தான் சொன்னேன். மஞ்சள்னா சினிமாக்காரன்னு நினைச்சிருவான்."

மறுநாள் காலை அண்ணாச்சி வீட்டில் இட்லி, கருப்பட்டிக் காப்பி. மத்தியானம் சொதி. சொதி என்றதும் நம்முடையதுதானே என்று உட்கார்ந்தேன். பெயர்தான் ஒன்று. நம் ஊரில் அது இடியப்பத்தின் மேல் தண்ணீராக ஓடும். இங்கே முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டுக் கெட்டியாக, இஞ்சித் துவையலைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் போடும் சாப்பாடாம். நல்ல ருசி. எனக்கு இறங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் கடையில், உளுந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, விதியை விளக்கினேன். ஏதாவது ஒரு பெயரை எடுத்தே ஆகவேண்டும், முடிந்தால் அந்தப் பழைய சங்கத்தின் பெயரை, என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தம்பி, போட்டி நடத்தப்போறோம், யோசனை சொல்லுங்கன்னு நான் ரெண்டு பேருக்கும் எழுதினேன். ரெண்டு பேரும் நல்லா நடத்துங்கன்னு பதில் போட்டிருக்காவ. கடல் தாண்டி ஒரு மனுசன் பதில் போடுதான். அவன் பேரை விடலாமா?"

"அவர்களுக்கே அது பிடிக்காது அண்ணாச்சி."

"நீங்க சின்னப்பிள்ள. எங்க அக்கா மவ கல்யாணத்துல, பத்திரிகையில ஒரு சித்தப்பா பேரு விட்டுப்போச்சு. அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்பு. இன்னைக்கு வரைக்கும் அவரு எங்க வீட்டு நடை ஏறல. சாவு வீட்டுல பாத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிடுதாரு. வெள்ளைக்காரனுக்கு மட்டும் ரோசம் இருக்காதா?"

"காகிதம் ஒட்டி மறைத்துவிடலாமே."

"யாரு பேரு மேல? ஒட்டுன காகிதம் சாரல்ல ஊறி விழும். மறைச்ச பேருன்னா நாலு பேரு கூடுதலா நின்னு வாசிப்பான்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு சங்கமும் அண்ணந்தம்பி தான? எதுக்குச் சண்டை?"

"பாகப்பிரிவினை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"அப்பம் சொத்து எது?"

கடைக்குப் பின்புறம் பயிற்சிச் சாலை. அங்கே அருளப்பன் வெறும் உடம்போடு கர்லாக் கட்டை சுற்றிக்கொண்டிருந்தான். நான் அவனைக் காட்டினேன்.

அண்ணாச்சி அவனைப் பார்த்தார். உளுந்தை அள்ளி அள்ளிப் பார்த்துக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நோட்டீஸைக் கிழிக்கச் சம்மதிக்கவும் இல்லை.

பயிற்சிச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் புறக்கோட்டைக் கழகத்தில் சீமையிலிருந்து வந்த பார்பெல், ஆள் உயரக் கண்ணாடி எல்லாம் உண்டு. இங்கே ஓலைக் கூரை, செம்மண் தரை. மாவு மில்லின் பழைய பல்சக்கரங்களை இரும்புக் குழாயில் கோத்ததுதான் பார்பெல். கண்ணாடி கிடையாது. ஒருவனுக்கு ஒருவன்தான் கண்ணாடி. "ஏலே, எடது தோளு சரியுது பாரு" என்று எதிரே நிற்பவன் சொல்லுவான்.

அருளப்பனுக்கு எதிரே கண்ணாடியாக நின்றவன் காஜா. கடையநல்லூரில் தறி நெய்பவன். தினமும் சைக்கிள் மிதித்து வருகிறான். அண்ணாச்சி வீடு சைவம். முட்டைக்கு வழியில்லாமல் அருளப்பன் வாடிப்போயிருந்தான். இதை யாரோ சொல்ல, காஜா அன்றைக்கே துண்டில் முடிந்து அவித்த முட்டைகளோடு வந்து சேர்ந்தான். அவனும் அதே போட்டியில் நிற்கப்போகிறவன், அதே உயரப் பிரிவு.

"உனக்கு எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பழக்கமில்லண்ணே. ஒரு நா தின்னு ஒரு நா திங்காட்டி ஒடம்பு கோவிச்சுக்கிடும்" என்றான். பிறகு அருளப்பனிடம், "அண்ணே, லண்டன்ல எந்தப் பக்கமா திரும்பச் சொல்லுவான்?" என்று கேட்டான்.

அருளப்பன் காட்டினான். நேராக நிற்பது, பக்கவாட்டில் திரும்புவது, முதுகு காட்டுவது, பிறகு இஷ்டப்பட்ட நிலை. காஜா ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். முழங்கையை மடக்கினான்.

நான் அருளப்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. காஜாவின் முன்னங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் முழுக்கத் தறிக் கயிற்றை இழுத்த கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் முறுக்கிப் போட்ட வடம் மாதிரி இருந்தது. இதுவரை நோட்டீஸ் மட்டும்தான் என் கவலை. இப்போது இரண்டாகிவிட்டது.

மூன்றாம் நாள்தான் போட்டி. சாயங்காலம். மேற்பார்வையாளர் காலை வண்டியில் வருகிறார். இருந்தது ஒரே ஒரு வழி. ரயிலடியில் அவரைப் பிடித்து, எந்தச் சுவரையும் பார்க்க விடாமல் குற்றாலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, மேடையில் உட்காரவைத்துவிட வேண்டும். மேடையில் கட்டும் துணியிலாவது பெயர் வேண்டாம் என்று அண்ணாச்சியைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். "சரி, எழுதுத ஆளுக்கும் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டார்.

வாடகைக் கார் பேசினேன். மேற்பார்வையாளர் பெயர் தாமோதரன். கட்டையான மனிதர். சாரலில் கோட்டும் டையும். மூக்கின் மேல் சோடா பாட்டில் அடிபோல ஒரு கண்ணாடி. அவருக்கு இங்கிலீஷ்தான் வந்தது. இங்கே அவர் பேச்சையெல்லாம் நான் தமிழில் தருகிறேன்.

"இது பதினான்காவது விதிப்படி நடக்கும் போட்டிதானே?" என்றார் ஏறியதும்.

"நிச்சயமாக" என்றேன். பதினான்காவது விதி எது என்று ஞாபகம் வரவில்லை. சுவர் பக்கமாக நான் உட்கார்ந்து, தோளை அகட்டி, ஜன்னலை அடைத்தேன். என் தோள் எந்த ஜன்னலையும் அடைக்கும் தோள் அல்ல. வாழ்நாளில் முதல் முறையாகத் தண்டால் எடுக்காமல் போனதற்கு வருத்தப்பட்டேன். சாரல் கண்ணாடியில் படிந்து வெளியே எல்லாம் மங்கலாகத் தெரிந்ததுதான் ஒரே ஆறுதல். ரோஸ் நிறமாக ஒரு பொட்டு கடந்து போகும். "இந்த ஊரில் ரோஸ் நிறம் அதிகம் போலிருக்கிறதே" என்றார். "சீசன் ராசி சார்" என்றேன்.

இலஞ்சி தாண்டும்போது முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. டயர் போய்விட்டதாம். கண்டக்டரும் நான்கு பிரயாணிகளும் இறங்கி நின்று டயரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மலையாளம் பேசும் ஒரு குடும்பம் குடை பிடித்து வந்து எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தது. அதில் பெரியவர் தம் மனைவியிடம், "கோட்டுப் போட்டுக்கொண்டு அருவிக்குப் போகிறார், பைத்தியம் தெளியத்தான் போல" என்று சொன்னது எனக்குப் புரிந்தது. தாமோதரனுக்குப் புரியவில்லை. டிரைவர் கைத்துண்டை எடுத்து முன் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். புண்ணியவான்.

பஸ்ஸின் முதுகில், கண்ணுக்கு நேராக, நோட்டீஸ்.

தாமோதரனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தது. இடப்பக்கத்தைப் படித்தார். வலப்பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வருத்தப்பட்டார். அது இன்னும் மோசம்.

"இந்த மேடையில் நான் உட்கார முடியாது. உங்கள் ஆள் இதில் நின்றால், நின்றார் என்று எழுத வேண்டியது என் கடமை. நின்றதைப் பார்த்தேன் என்றால் பார்த்தேன் என்றுதான் எழுதுவேன். எனக்கு வேறுவிதமாக எழுதத் தெரியாது."

"இது தெரியாமல் நடந்த தவறு சார்."

"எல்லாத் தேசத்திலும் தெரியாமல்தான் நடக்கிறது. தெரியாமல் நடக்கக் கூடாது என்பதற்குத்தானே சங்கம்."

குற்றாலத்தில் மேடை தயாராக இருந்தது. பலகை போட்டு, வாழை மரம் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. சிவகிரியிலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும் போட்டியாளர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் முதுகில் ஒருவன் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். காஜா தன் அண்ணன்கள் இருவரையும் கூட்டி வந்திருந்தான். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். தம்பி வெளியூர் நடுவர் முன்னால் நிற்பதைப் பார்க்க.

நான் அருளப்பனைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். அவன் மங்குஸ்தான் உரித்துத் தின்றுகொண்டிருந்தான். எங்கள் களுத்துறையில் கிடைப்பதைவிடச் சின்னது, புளிப்பு கொஞ்சம் தூக்கல்.

"மச்சான், லண்டன் போகாவிட்டால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்" என்றான். "அப்பா பெட்டி வாங்கிவிட்டார். துறைமுகத்தில் எல்லாருக்கும் சொல்லியாச்சு. நான் மேடை ஏற மாட்டேன்."

"அதுதான் நல்லது" என்றேன். மூச்சு வந்தது.

"ஆனால் அவன்கூட நிற்காமல் போனால் எனக்கு நித்திரை வராது."

சொல்லிவிட்டுக் காஜா நின்ற பக்கம் பார்த்தான்.

தாமோதரன் விடுதி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நடுவர் இல்லாமல், கொழும்பு வீரரும் இல்லாமல் என்ன போட்டி? இருட்டுவதற்குள் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, சாரல் பலமா இருக்கதுனால போட்டி ரத்து செய்யப்படுது" என்றார்.

கூட்டம் விடுமா?

"ஏன்லே, மழையில கரைஞ்சிருவானுவளோ? உப்புல செஞ்ச பயில்வானா?"

"கொழும்புக்காரனுக்கு ஜலதோசமாம்லே!"

"எண்ணெயையாவது திருப்பிக் குடுங்க, தாளிக்கதுக்கு ஆவும்!"

சிரிப்பு அலையலையாக வந்தது. எண்ணெய் தேய்த்த உடம்போடு போட்டியாளர்கள் மேடைக்குப் பின்னால் நின்றார்கள். சட்டை போடவும் முடியவில்லை, போடாமல் நிற்கவும் முடியவில்லை. காஜாவின் அண்ணன்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"நான் என்ன தம்பி தப்பு செஞ்சேன்? யாரையும் விட்டுறக் கூடாதுன்னு நினைச்சது தப்பா?"

அருளப்பன் வந்து எங்கள் முன் நின்றான். பலகை அவன் காலடியில் நெளிந்தது.

"அண்ணாச்சி, இங்கே வந்தவர்கள் குளிக்காமல் போவதுண்டா?"

"குத்தாலத்துக்கு வந்துட்டுக் குளிக்காமப் போறதா? என்ன பேச்சு இது" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அருளப்பனைப் பார்த்தார். எண்ணெயும் உடம்புமாக நிற்கிற மற்றவர்களைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. "தம்பி, மேடையில நின்னாத்தான தப்பு? குளிக்கதுக்கு எந்தச் சங்கத்துல எழுதி வாங்கணும்?"

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன்.

"நீங்க சும்மா இரிங்க. ஏலே காஜா! யாரும் ஊருக்குப் போவப்பிடாது. காலையில எல்லாரும் பெரிய அருவிக்கு. கண்ணாடி ஐயாவை நான் கூட்டியாரேன். என் ஊருக்கு வந்த மனுசன் குளிக்காமப் போனா எனக்குல்லா கேவலம்."

நான்காம் நாள் காலை, தாமோதரன் வரமாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வந்தார். கோட்டு இல்லை, டை இல்லை. இடுப்பில் அண்ணாச்சி கொடுத்த சிவப்புக் காசித்துண்டு. விருந்தாளியாகக் குளிக்கிறார், மேற்பார்வை கிடையாது என்று அண்ணாச்சியிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்றார்.

பெரிய அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. பாறைமேல் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆளைக் குப்புறப் போட்டுத் தட்டும் ஓசை மட்டும் டப் டப் என்று அதையும் மீறி வரும். அந்தப் பக்கத்திலிருந்து போட்டியாளர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். லங்கோடு மட்டும். குளித்துக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள். "என்னலே இது, கோயில் தூண்ல உள்ளதெல்லாம் எறங்கி நடக்குது" என்று ஒருவர் சோப்பைத் தவறவிட்டார்.

தாமோதரன் தண்ணீரை அண்ணாந்து பார்த்தார். அது இருந்த உயரத்துக்குச் சற்றுத் தயங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பத்திரம்" என்றார்.

அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கரையில் நின்றேன். தண்ணீருக்குள் என்ன நடக்கிறது? அருளப்பனைப் பார்ப்பாரா? பார்த்தால் எழுதுவாரா? குளிப்பதும் ஒரு காட்சிதான் என்று ஏதாவது ஒரு விதி இருக்குமா? பதினான்காவது விதி அதுவாக இருந்துவிட்டால்?

அருவிக்கு அடியில், ஆட்கள் பிடித்துக்கொள்வதற்குத் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி உண்டு. அங்கே நிற்பவன் பிடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தள்ளிவிடும். அருளப்பன் உள்ளே போய், எங்களுக்கு முதுகு காட்டி, இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்தான். அவனுக்கு அடுத்து காஜா வந்து பிடித்தான். யாரும் திரும்பு என்று சொல்லவில்லை, நில் என்று சொல்லவில்லை. கைகள் மேலே போனதும் இரண்டு முதுகும் விரிந்தன. வெள்ளைத் தண்ணீர் மேலிருந்து இறங்கி இரண்டு முதுகிலும் உடைந்து தெறித்தது. லண்டன் மேடையில் எந்த விளக்கும் அப்படி ஒரு முதுகைக் காட்டாது.

கரையில் இருந்த கூட்டம் கத்தியது. "கொழும்பு!" என்று ஒரு பக்கம். "கடையநல்லூர்!" என்று இன்னொரு பக்கம். சிவகிரிக்காரர்களும் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தார்கள், கீழப்பாவூர்க்காரர்களும் பிடித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். நேற்று எண்ணெயைத் திருப்பிக் கேட்டவர் என் காதருகில் தொண்டை கிழிய அலறினார். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு, துண்டு கட்டிய அந்தக் கட்டை மனிதரைத் தேடினேன்.

அவர் இருவருக்கும் பின்னால், பாசி படிந்த இடத்தில் காலை வைத்தார்.

விழுந்தார் என்றே நினைத்தேன். கால் மேலே போனது, துண்டு மிதந்தது. கம்பியிலிருந்து ஒரு கை விடுபட்டுக் கீழே வந்து அவர் மேல்கையைப் பற்றியது. காஜா. மற்றக் கையால் கம்பியில் தொங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்தக் கனத்த மனிதரை மெதுவாகத் தூக்கி நிறுத்தினான். நிறுத்திய பிறகும் விடவில்லை. அருவி அடிக்க அடிக்க, அவரைப் பிடித்தபடியே குளிப்பாட்டினான். தாமோதரன் கண்ணை இடுக்கிக்கொண்டு, மூக்குக்கு முன்னால் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கரை ஏறியதும் டீக்கடை. சூடான உளுந்த வடை. குளித்த பசியில் எல்லாரும் பேசாமல் தின்றார்கள். தாமோதரன் கண்ணாடியை வாங்கி, துடைத்து, மாட்டி, முதன்முதலாகப் பார்ப்பது போல எங்கள் எல்லாரையும் பார்த்தார். என் வாயில் வடை அப்படியே நின்றது.

"கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது" என்றார். "இன்று காலை நான் பார்த்தது வெள்ளையாக ஒரு சுவர், அதில் சில நிழல்கள். குற்றாலத்தில் போட்டி நடக்கவில்லை, கொழும்பு வீரர் மேடை ஏறவில்லை. அப்படித்தான் எழுத முடியும்."

அருளப்பன் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. அந்தப் பெரிய முதுகு அவ்வளவு நாளாக மூச்சைப் பிடித்து வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆனால் ஒன்று" என்றார் தாமோதரன். "ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று வந்தது. ஒரு முன்னங்கை. மேடை மேடையாகப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அது கொழும்புக்காரர் கையா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அருளப்பன் முந்திக்கொண்டான்.

"இல்லை சார். அவன் கை."

காஜா தன் அண்ணன்களோடு தள்ளி நின்று ஒரு வடையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் வடையை மறைத்தான்.

"மதராஸில் எங்கள் தேர்வுப் போட்டி இருக்கிறது" என்றார் தாமோதரன். "அவரை வரச் சொல்லுங்கள். உங்கள் ஊர் சார்பில் அனுப்புங்கள். முறைப்படி. ஒரே ஒரு சங்கத்தின் பெயரில்."

நான் தமிழில் சொன்னேன். காஜாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவன் அண்ணன்களில் மூத்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். அருளப்பன் போய் காஜாவின் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லண்டனில் பார்ப்போம்டா" என்றான். நான்கு நாளில் முதல் முறையாக எனக்குப் பசித்தது. இன்னொரு வடை எடுத்தேன்.

அண்ணாச்சி துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு தாமோதரனை நெருங்கினார். கையைக் கூப்பினார்.

"நம்ம புள்ள மெட்ராஸ் போறதுன்னா சும்மாவா ஐயா? வழியனுப்பு விழா வச்சிருவோம். நோட்டீஸ் நானே அடிச்சிருதேன்" என்றார். "யாரு பேரும் விட்டுப்போவாம."